இருமலை அடக்கலாமா?

பிள்ளைக்கு இருமல். இரவிரவாக இருமிக்கொண்டே இருக்கிறது. விடிந்ததும் அரை நாள் வேலையை விட்டுவிட்டுக் குழந்தை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவர் நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்க்கிறார், தொண்டையைப் பார்க்கிறார், காதைப் பார்க்கிறார். பிறகு, தண்ணீர் நிறையக் கொடுங்கள், மூக்கைக் கழுவுங்கள், இருமினால் இருமட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். "ஒரு பாணி மருந்துகூட எழுதித் தரேல்லை. இதுக்கே நான் சம்பளத்தை வெட்டிக்கொண்டு போனனான்?" பலெர்மோவில் புதிதாகக் குடியேறிய தாய்மார் பலர் எம்மிடம் சொல்லும் குறை இது.

உண்மையைச் சொன்னால் நாமும் ஒரு காலத்தில் இதே குறையைச் சொன்னவர்கள்தான். ஊரிலே இருமல் என்றால் ஏதாவது ஒன்று கொடுத்தே ஆகவேண்டும். ஆடாதோடை, தூதுவளை, கொத்தமல்லிக் குடிநீர், அதுவும் சரிவராவிட்டால் டிஸ்பென்சரிக்குப் போத்தலைக் கொண்டுபோய் வாங்கிவரும் பாணி. ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவரை வைத்தியர் என்று எப்படிச் சொல்வது? ஆனால் இருமல் நெஞ்சுக்குள்ளே என்ன வேலை செய்கிறது என்பதைத் தேடிப் படித்த பிறகு எமது எண்ணம் மாறியது. எங்கே அந்த வைத்தியர் சொல்வது சரி, எங்கே நாம் விடாப்பிடியாக நின்று இன்னும் பார்க்கச் சொல்லவேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

காற்றோடு வருவது

பலெர்மோவில் ஒரு வருடம் இருந்தவர்களுக்கு ஷிரொக்கோக் காற்றைத் தெரிந்திருக்கும். தெற்கே சகாராப் பாலைவனப் பக்கமிருந்து வீசும் வெக்கைக் காற்று. வானம் மஞ்சளித்துவிடும். பல்கனியில் காயப்போட்ட உடுப்பில் செந்தூள் படியும். அந்த நேரம் பார்த்து மழை தூறினால் றோட்டில் நிற்கும் கார்களெல்லாம் சேற்றுப் புள்ளி. இந்த ஊர்ப் பிரபுக்கள் முந்திய காலத்தில் இந்தக் காற்றுக்கு ஒளிந்திருக்கவென்றே தங்கள் மாளிகைகளின் கீழே நிலத்தைக் குடைந்து அறை செய்தார்கள். 'கமெரா டெல்லோ ஷிரொக்கோ' என்று அதற்குப் பெயர். சில இன்றும் இருக்கின்றன. எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 10,000 லீற்றருக்கு மேல் காற்றை உள்ளே இழுக்கிறார். அதில் வரும் தூசு எங்கே போய்த் தங்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் பருமன். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். எமது தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரோன் தடிப்பு. 10 மைக்ரோனுக்கு மேற்பட்ட தூசில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிவிடும். அதற்குச் சிறியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். குழாய் ஒவ்வொரு கிளையாகப் பிரியும் வளைவுகளில், வேகமாக வந்த பஸ் வளைவில் திரும்ப முடியாமல் மதிலில் மோதுவதுபோல, போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு, மூன்று மைக்ரோனுக்குக் கீழ்ப்பட்டவை இன்னும் ஆழத்துக்குப் போகும். வேடிக்கை என்னவென்றால், அரை மைக்ரோன் அளவானவற்றில் பெரும்பகுதி எங்கும் ஒட்டாமல் மூச்சோடு திரும்பி வந்துவிடும். அதைவிடவும் நுண்ணியவை மறுபடியும் அதிகமாக உள்ளே தங்கும்.

பாலைவனத் தூளில் பெருந்தூள் நிறைய உண்டு. அதனால்தான் மூக்கும் தொண்டையும் முதலில் கரகரக்கின்றன. புகை அப்படியல்ல. நகரத்துக்கு மேலே பெல்லோலாம்போவில் உள்ள குப்பைமேடு 2012 கோடையிலும், பிறகு 2023 ஜூலையில் மலைக்காடுகள் பற்றிய வேளையிலும் எரிந்தது. அப்படியான நாட்களில் வந்த புகையின் துகள்கள் மிக நுண்ணியவை. கண்ணுக்குத் தெரியும் செந்தூளைவிட, ஜன்னலால் வரும் மெல்லிய புகை மணத்துக்குத்தான் நாம் கூடப் பயப்படவேண்டும்.

உள்ளே ஓடும் படிக்கட்டு

மூச்சுக்குழாய் நமது தொண்டையிலிருந்து சுவாசப்பைக்குள் போய், இரண்டு இரண்டாக ஏறக்குறைய 23 தடவை கிளைவிடுகிறது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஏவால்ட் வைபெல் என்ற அறிஞர் இதை 1963 இல் எண்ணி எழுதிவைத்தார். தலைகீழாக நிற்கும் ஒரு வேப்பமரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிமரம் மூச்சுக்குழாய். இலைகள் இருக்கும் இடத்தில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள்.

அடிமரத்திலிருந்து சிறு கிளைகள்வரை உட்சுவர் முழுவதும் நுண்மயிர்கள் முளைத்திருக்கின்றன. ஒரு கலத்தில் ஏறக்குறைய 200. அவை ஒவ்வொரு செக்கனுக்கும் பத்துத் தடவைக்கு மேல், வயலில் காற்றடிக்கும்போது நெற்பயிர் சாய்வதுபோல அலையலையாக அடிக்கின்றன. அவற்றின் நுனியில் மெல்லிய சளிப் படலம் மிதக்கிறது. தூசும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டுகின்றன. நுண்மயிர்கள் அதைத் தொண்டையை நோக்கி மேலே மேலே தள்ளுகின்றன. மூச்சுக்குழாயில் இதன் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர். அதாவது 12 சென்ரிமீற்றர் நீளமான அந்தக் குழாயைக் கடக்க அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. சிறு கிளைகளில் இதைவிட மெதுவாக நகரும். இப்படியாகக் குழாய்களில் ஒட்டிய தூசில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் தொண்டைக்கு வந்துவிடும்.

தொண்டைக்கு வந்தபின்? விழுங்கிவிடுகிறோம். நாள் முழுவதும், தெரியாமலே. வயிற்றில் உள்ள அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிள்ளை சளியை விழுங்கிவிட்டது, துப்பத் தெரியவில்லை என்று சிலர் பிள்ளையைப் பேசுவதைக் கண்டிருக்கிறோம். அதில் ஒரு கெடுதியும் இல்லை. ஐந்து ஆறு வயதுக்கு முன் பிள்ளைகளுக்குச் சளியைத் துப்ப வராது.

ஆகவே சுகமாக இருக்கும் ஒருவரின் நெஞ்சைச் சுத்தம் செய்வது இருமல் அல்ல, இந்த ஓசையில்லாத படிக்கட்டுத்தான்.

இருமல் செய்யும் வேலை

அப்படியானால் இருமல் எதற்கு? படிக்கட்டு பழுதாகும்போதும், அதனால் தாங்க முடியாத சுமை வரும்போதும்.

இருமலைக் கவனித்துப் பாருங்கள், மூன்று படியாக நடக்கும். முதலில் ஒரு இழுமூச்சு. அடுத்து குரல்வளை மூடிக்கொள்ளும். ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் வயிற்றுத் தசையும் விலாத் தசையும் இறுகி, உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் 300 மில்லிமீற்றர் பாதரச அளவுவரை ஏறக்கூடும். (நமது இரத்த அழுத்தம் 120 என்று பார்க்கிறோமே, அதே அளவுகோல்தான்.) மூன்றாவதாகக் குரல்வளை சட்டென்று திறக்க, காற்று வெடித்து வெளியே பாயும். மூச்சுக்குழாயின் முன்பக்கம் குருத்தெலும்பு வளையம், பின்பக்கம் மென்மையான தசை. இருமும்போது அந்தப் பின்பக்கம் உள்ளே மடிந்து குழாய் ஒடுங்குகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸின் வாயை விரலால் நெரித்தால் தண்ணீர் பீறிடும் அல்லவா, அதே வித்தை. ஒடுங்கிய இடத்தால் பாயும் காற்று, சுவரில் கிடக்கும் சளியைக் கிழித்து, துண்டு துண்டாக மேலே அள்ளிக்கொண்டு வருகிறது.

"இருமும்போது முதலில் மூச்சை உள்ளே இழுக்கிறோமே, அப்போது சளி இன்னும் கீழே போகாதோ?" என்று ஒரு அக்கா எங்களைக் கேட்டார். நல்ல கேள்வி. உள்ளே போகும் காற்று அகன்ற குழாயால் மெதுவாகப் போகிறது. வெளியே வருவது ஒடுங்கிய குழாயால் பலமடங்கு வேகத்தில் வருகிறது. ஆகவே மொத்தத்தில் சளி மேலேதான் வரும். ஆனால் தூசும் புகையும் நிறைந்த இடத்திலேயே நின்று இருமினால், ஒவ்வொரு இழுமூச்சோடும் புதுத்தூசு ஆழத்துக்குப் போகும். முதலில் அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள், பிறகு இருமுங்கள்.

இதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1970 களில் சுவீடன் நாட்டு ஸ்ரொக்ஹோமில் பிலிப் கம்னர் முதலிய ஆய்வாளர்கள், மெல்லிய கதிரியக்க அடையாளம் இட்ட தெப்லோன் துகள்களை ஆட்களுக்கு மூச்சோடு கொடுத்து, நெஞ்சுக்கு வெளியே கருவி வைத்து அவை எவ்வளவு வேகமாக வெளியேறுகின்றன என்று எண்ணினார்கள். சுகதேகிகளை வேண்டுமென்றே இருமச் சொன்னபோது பெரிதாக ஒன்றும் கூடவில்லை. அவர்களிடம் சளிப் படலம் மெல்லியது, காற்றுக்கு அகப்படாது. நாட்பட்ட மார்புச்சளி உள்ளவர்கள் இருமியபோதோ துகள்கள் தெளிவாகக் கூடுதலாக வெளிவந்தன. சளி தடித்துக் கிடக்கும் இடத்தில்தான் காற்றுக்குப் பிடி கிடைக்கிறது.

அதே ஸ்ரொக்ஹோமில் பியோன் அவ்செலியஸ் என்பவர் 1976 இல் இன்னுமொன்றை வெளியிட்டார். பிறவியிலேயே நுண்மயிர்கள் அசையாத மனிதர்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு இருதயம் வலப்பக்கம் இருக்கும். சூரிச் நகர வைத்தியர் கார்த்தகேனர் 1933 இல் விபரித்த நோயின் காரணம் இப்படித்தான் புரிந்தது. படிக்கட்டே ஓடாத இந்த மனிதர்கள் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோவதில்லை. வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இருமல் ஒன்றே. இருமலைப் பற்றி நாம் படித்தவற்றில் எங்களை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். பிறந்த நாள்முதல் ஒருவருக்கு இருமலே உயிர்.

குக்கலும் இதற்கு நெருங்கிய சங்கதி. 1906 இல் போர்தே, ஜெங்கூ என்ற இருவர் வெளியிட்ட அந்தக் கிருமி, நேரே நுண்மயிர்களில் போய் ஒட்டி, அந்தக் கலங்களையே கொல்கிறது. படிக்கட்டு இடிந்துவிட்டது, புதுக் கலங்கள் முளைக்க வாரக்கணக்காகும். அதுவரை பிள்ளை மூச்சு விடாமல் இருமி இருமி, கடைசியில் கூவி மூச்சிழுக்கும். பிறந்து சில வாரமான குழந்தைக்கு இருமக்கூடப் பலமிருக்காது, மூச்சே நின்றுவிடும். 2024 இல் இத்தாலியில் இந்த நோய் திரும்பவும் பெருகிக் கைக்குழந்தைகள் இறந்தார்கள். 2017 இன் சட்டப்படி இங்கே பிள்ளைகளுக்குக் கட்டாயமான 10 தடுப்பு மருந்துகளில் குக்கலுக்கானதும் ஒன்று. கர்ப்பிணித் தாய்மாருக்கு 28 ஆவது வாரத்தையொட்டி இது இலவசமாகப் போடப்படுகிறது. தாய்க்குப் போட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காவல். "கர்ப்பத்தில் ஊசி வேண்டாம்" என்று சொல்லும் மாமிமாரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இருமலுக்கு எட்டாத இடம்

வேகமான அந்தக் காற்றும் முதல் ஆறு ஏழு கிளைகளில்தான் வேலை செய்யும் என்று கணிக்கிறார்கள். அதற்குக் கீழே குழாய்கள் எண்ணிக்கையில் பெருகி, காற்று பங்கிடப்பட்டு வேகம் குறைந்துவிடும். காற்றுப்பைகளில் நுண்மயிரும் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த துகளை விழுங்கித் தின்னும் சில கலங்கள் உண்டு. ஆனால் அவை தூக்கி வெளியேற்ற மாதங்கள், வருடங்கள் ஆகும். தின்னவே முடியாத துகள் என்றால் அதுவும் இல்லை.

இதற்குக் கண்ணுக்கு முன்னால் உள்ள சாட்சி, நாம் இருக்கும் இதே சிசிலித் தீவில், எற்னா எரிமலையின் தென்மேற்குச் சரிவில் உள்ள பியான்கவில்லா என்ற ஊர். 1988 முதல் 1992 வரை இத்தாலியில் நேர்ந்த இறப்புக்களை ஆராய்ந்தவர்கள், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய் இந்தச் சிறு ஊரில் அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் கண்டார்கள். அந்த நோய் வழக்கமாக அஸ்பெஸ்டஸ் வேலை செய்தவர்களுக்கு வருவது. இந்த ஊரிலோ அப்படி ஒரு தொழிற்சாலையே கிடையாது. தேடியபோது மொந்தே கல்வாரியோ கல்லுடைப்பிலிருந்து எடுத்த எரிமலைக் கல்லில், ஊசிபோன்ற ஒரு கனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். புளோரோ எடெனைற் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தக் கல்லையும் தூளையும் வைத்துத்தான் ஊரார் பல வருடம் வீடு கட்டினார்கள், சுவர் பூசினார்கள், தெருப் போட்டார்கள். 2014 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களில் முதல் வகுப்பில் சேர்த்தது. அந்த ஊர் மக்களும் எங்களைப்போல இருமியிருப்பார்கள்தான். இருமலில் வெளியே வராத ஊசி அது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், எமது ஆண்கள் சிலர் வீடு திருத்தும் வேலைக்கும் பழைய சாமான் அகற்றும் வேலைக்கும் போகிறார்கள். பலெர்மோவின் பழைய கட்டிடங்களில் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியும் கூரைத் தகடும் குழாயும் 'எத்தேர்னித்' எனப்படும் அஸ்பெஸ்டஸ் சீமெந்து. இத்தாலி இதை 1992 இல் தடைசெய்தது. ஆனால் முந்திப் போட்டவை பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. ஊரிலே அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழே வளர்ந்த எமக்கு அது ஒரு சாதாரணப் பொருள். அதனால்தான் பயம். முதலாளி 50 யூரோ கூடத் தருகிறேன், அந்தத் தாங்கியை உடைத்துக் கீழே இறக்கு என்று சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். அதை அகற்ற அனுமதி பெற்ற கம்பனிகள் இருக்கின்றன, சட்டப்படி அவர்கள்தான் செய்யவேண்டும். அந்தத் தூசு இருமலைக்கூடக் கொண்டுவராது. 20, 30 வருடம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும்.

வீட்டுக்குள்ளே

மிளகாய் வறுக்கும் நாளில் மாடிக்கட்டிடம் முழுவதும் இருமும். கீழ்வீட்டு சிஞ்ஞோரா கதவைத் தட்டுவார். இது தூசுக்கு வரும் இருமல் அல்ல. மிளகாயில் உள்ள கப்சைசின் என்ற காரம் மூச்சுக்குழாயின் நரம்பு முனையைத் தொட்டு, அது நெருப்பென்று ஏமாந்து இருமலைக் கிளப்புகிறது. இருமலைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களில் இதே கப்சைசினைத்தான் அளந்து மூச்சோடு கொடுக்கிறார்கள் என்று அறிந்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சுகமானவருக்குக் கெடுதியில்லை. தொய்வுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், ஜன்னலைத் திறந்து, பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு வறுப்பது நல்லது. சாம்பிராணிப் புகைக்கும் இதே சட்டம்.

பாலரோ, கப்போப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஈரம் சுவரில் ஏறிக் கறுத்த பூஞ்சணம் பிடிக்கிறது. மாரியில் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்து, உள்ளே உடுப்புக் காயப்போட்டால் இன்னும் மோசம். காலையில் பத்து நிமிடமாவது ஜன்னல் திறக்கவேண்டும். வீடு துப்புரவு செய்யும் வேலையில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒன்று. வரெக்கீனாவையும் அமிலத்தையும், வரெக்கீனாவையும் அமோனியாவையும் ஒருபோதும் கலக்கவேண்டாம். கலந்தால் வரும் வாயு நெஞ்சைச் சுடும். அந்த இருமல் வந்தால் வாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். நிலம் பிறகு துடைக்கலாம்.

சிகரெட் பிடிப்பவர்களுக்குக் காலை இருமல் ஏன் என்பதும் இப்போது விளங்கும். புகை நுண்மயிர்களைச் சோரவைத்துச் சளியைப் பெருக்குகிறது. இருமல்தான் படிக்கட்டின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. விட்டவுடன் சில வாரம் இருமல் கூடலாம், ஏனென்றால் நுண்மயிர்கள் உயிர்பெற்றுப் பழைய குப்பையைத் தள்ளத் தொடங்குகின்றன. "விட்டபிறகுதான் எனக்கு இருமல் கூடினது" என்று சொல்லித் திரும்பவும் பற்றவைத்த ஒரு அண்ணரை எங்களுக்குத் தெரியும். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம்.

வயோதிபரைப் பராமரிப்பவர்களுக்கு

எம்மவர் பலர் இங்கே முதியவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறார்கள். இந்தப் பகுதியை அவர்களுக்காகவே எழுதுகிறோம்.

வயது போனவர்களுக்கும், பாரிசவாதம் வந்தவர்களுக்கும் இருமும் உணர்வு மங்கிவிடும். சாப்பாடும் உமிழ்நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது. சுவாசப்பையில் போய் அழுகி நியூமோனியாவாக மாறும். ஆகவே "நொன்னா இருமுறதில்லை, நல்லாய்ச் சாப்பிடுறா" என்பது நிம்மதிக்குரிய செய்தி என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். விழுங்கியபின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கொழகொழத்தால், சாப்பாட்டுக்குப்பின் மூச்சு வேகமானால், அடிக்கடி காய்ச்சல் வந்தால், குடும்பத்தாரிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். நிமிர்ந்து இருக்கவைத்துச் சிறு வாயாகக் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது படுக்கவிடவேண்டாம். தண்ணீரைத் தடிப்பாக்கும் தூள் பார்மசியில் உண்டு, வைத்தியர் சொன்னால் பாவிக்கலாம். பல்லையும் வாயையும் நாள்தோறும் துப்புரவாக்குவது நியூமோனியாவைக் குறைக்கும் என்பது ஜப்பானில் முதியோர் இல்லங்களில் நிரூபிக்கப்பட்டது. அவர்களுக்கு இருமலை அடக்கும் பாணியை உங்கள் எண்ணத்துக்குக் கொடுக்கவே கூடாது.

பெரியவர்களுக்குக் காரணமில்லாத வறட்டு இருமல் மாதக்கணக்கில் இருந்தால் பிரெஷர் குளிசையைப் பாருங்கள். 'எனலாப்ரில்', 'ராமிப்ரில்' என்று 'ப்ரில்' இல் முடியும் குளிசைகள் சிலருக்கு இந்த இருமலைத் தரும். தானாக நிறுத்தாமல், மாற்றித் தரும்படி வைத்தியரைக் கேளுங்கள்.

பாணி மருந்து

இனி முதற் கேள்விக்கு வருவோம். குழந்தை வைத்தியர் ஏன் பாணி எழுதவில்லை?

இத்தாலிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான ஐஃபா, 2010 இல், சளியை இளக்கும் மருந்துகளை 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அறிவித்தது. காரணம் நாம் மேலே சொன்னதுதான். மருந்து சளியை இளக்கிப் பெருக்கிவிடும். அதை இருமி வெளியேற்றும் பலம் குழந்தைக்கு இல்லை. குழாய் அடைபட்டு மூச்சுமுட்டும். இருமலை அடக்கும் கொடேயின் மருந்தை 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2015 இல் ஐரோப்பா முழுவதும் தடுத்தார்கள். மூச்சையே மந்தமாக்கும் என்பதால்.

ஊரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருபவர்களிடம் பாணி மருந்து கொண்டுவரச் சொல்லும் வழக்கம் எம்மிடம் உண்டு. 2025 இல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் பாணியைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20 இற்கும் மேற்பட்ட சிறுபிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு அதில் இருந்தது. 2022 இல் காம்பியா நாட்டிலும் இந்தியாவிலிருந்து போன பாணிகளைக் குடித்து இப்படியே பிள்ளைகள் இறந்தார்கள். பெட்டிக்குள் வரும் போத்தலைக் குசினி அலுமாரியில் வைக்காதீர்கள்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் படுக்கமுன் ஒரு கரண்டி தேன் கொடுக்கலாம், இரவு இருமல் தணியும். ஒரு வயதுக்குள் தேன் நஞ்சாகலாம், நாக்கில் தொட்டுவைப்பதும் வேண்டாம். மூக்கை உப்புத்தண்ணீரால் கழுவுவது வீண்வேலை இல்லை. மூக்கில் வழியும் சளி இரவில் தொண்டைக்குள் இறங்கித்தான் பாதி இருமல். கொதிநீரில் ஆவிபிடிக்க வைத்து எரிகாயப்பட்ட பிள்ளைகள் ஏராளம், அது வேண்டாம். கற்பூரம் கரைத்து நெஞ்சில் தேய்ப்பதும் கைக்குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும்.

சளி நிறையக் கட்டும் பெரியவர்களுக்கு இருமலைவிட இலகுவான ஒரு வழி உண்டு. இலண்டன் பிரொம்ப்ரன் வைத்தியசாலையில் பிரையர், வெபர் என்ற இரு பெண் சிகிச்சையாளர்கள் 1979 இல் இதன் பலனை எழுதினார்கள். நடுத்தரமாக மூச்சை இழுத்து, குரல்வளையை மூடாமல், கண்ணாடியில் ஆவிபிடிக்க ஊதுவதுபோல 'ஹா' என்று வேகமாக வெளியே விடவேண்டும். ஒன்றிரண்டு தடவை. பிறகு ஆறுதலாக மூச்சுவிட்டு மறுபடி. சளி மேலே வந்ததும் ஒரே ஒரு இருமல் போதும். இரவிரவாக இருமி விலா நோகத் தேவையில்லை. உடற்பயிற்சியும் சளியை நகர்த்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தா ரொசாலியா மாதாவிடம் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறும் எம்மவர்கள், நேர்த்தியோடு நெஞ்சுக்கும் ஒரு நன்மையைச் செய்துகொள்கிறார்கள். ஷிரொக்கோ அடிக்கும் நாளில் மட்டும் தொய்வுக்காரர் பஸ்ஸில் போகட்டும். மாதா கோபிக்கமாட்டா.

எப்போது ஓடவேண்டும்

பிள்ளை கச்சான் சாப்பிடும்போது திடீரென்று இருமத் தொடங்கினால், பலமாக இருமும்வரை இருமவிடுங்கள். முதுகில் அடிக்கவேண்டாம், வாய்க்குள் விரல் விடவேண்டாம். இருமல் சத்தமில்லாமல் போய், குரல் வராமல், உதடு நீலமானால் உடனே முன்பக்கம் குனியவைத்துத் தோள்களுக்கு நடுவே ஐந்து அடி, பிறகு பின்னால் நின்று மேல்வயிற்றில் ஐந்து அமுக்கு. ஒரு வயதுக்குள் வயிற்றில் அல்ல, நெஞ்செலும்பில். ஒருவர் 112 க்கு அடிக்கவேண்டும். இருமல் நின்று சுகமாகிவிட்டாலும், கச்சான் உள்ளே போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூச்சு வேகமானால், விலா உள்ளிழுத்தால், குழந்தை பால் குடிக்காவிட்டால், நீலம் பாரித்தால் காத்திருக்கவேண்டாம். பெரியவர்களுக்கு மூன்று வாரத்துக்கு மேலான இருமல், சளியில் இரத்தம், இரவு வியர்வை, மெலிவு இருந்தால் சயரோகப் பரிசோதனை வேண்டும். ஊரில் ஒளித்த வருத்தம் இது. இங்கே ஒளிக்கத் தேவையில்லை, முழுவதும் மாறும். கையில் விசா இல்லாதவரும் பயப்படவேண்டாம். 1998 இன் சட்டப்படி அவருக்கு 'எஸ்.ரி.பி.' என்ற இலக்கம் கொடுத்து அவசிய வைத்தியம் செய்யவேண்டும், பொலிசுக்கு அறிவிக்கவும் கூடாது. பொலிகிளினிக்கோவில் குடிபெயர்ந்தவர்களுக்கான பிரிவும் உண்டு.

வைத்தியரிடம் போகும்போது மொழி தெரியாமல் 'தொஸ்ஸே, தொஸ்ஸே' என்று மட்டும் சொல்லி நிற்கிறோம். அவர் அறிய விரும்புவது இன்னும் உண்டு. வறட்டு இருமல் என்றால் 'தொஸ்ஸே ஸெக்கா'. சளியோடு என்றால் 'தொஸ்ஸே கிராஸ்ஸா'. சளி 'கத்தார்ரோ', இரத்தம் 'சாங்குவே', காய்ச்சல் 'ஃபெப்ரே', மூச்சுமுட்டு 'அஃபான்னோ'. இரவில் என்றால் 'தி நொத்தே'. 'தா த்ரே செத்திமானே' என்றால் மூன்று வாரமாக. இந்தச் சொற்களை ஒரு துண்டில் எழுதி, தெஸ்ஸெரா சனித்தாரியாவோடு சேர்த்துப் பேர்சில் வைத்துக்கொள்ளுங்கள்.